பாக்கெட்டில் முளைத்த பூசணி

தையல்காரர் வாயில் குண்டூசி இல்லாத நேரம் என்று பார்த்தால் சாப்பிடும் நேரமும் தூங்கும் நேரமும்தான். மற்றபடி உதட்டோரம் நாலைந்து குண்டூசி வரிசையாக நிற்கும். அதனால் பேச்சு குறைவு. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் வாயில் குண்டூசியோடு தலையைத்தான் ஆட்டினாராம். அது எந்தப் பக்கத்து ஆட்டல் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை என்று அவர் மனைவி சொல்வார்.

மூன்று மாடிக் கட்டடம். கீழே தெருவைப் பார்த்துக் கடை, கடைக்குப் பின்னால் வீடு. மூன்றாம் மாடியில் தையல்காரருடைய அக்கா தனியாக இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் எக்ஸ்சேஞ்ச் அக்காதான். ஊரில் பாதிப் பேருடைய காதலும் மீதிப் பேருடைய சண்டையும் அவர் காது வழியாகப் போயிருக்கின்றன. ஒரு வார்த்தை வெளியே கசிந்ததில்லை. வேலையை விட்ட அன்றைக்கே வீட்டு டெலிபோனைத் துடைத்து அலமாரி மேல் ஏற்றிவிட்டார். அதன்பிறகு வெளியூரில் இருக்கும் அவர் மகன் மாமாவின் கடைக்குத்தான் போன் செய்ய வேண்டும். தம்பியைக் கூப்பிட வேண்டுமென்றால் அக்கா பின்பக்க ஜன்னலைத் திறந்து, "டேய் தம்பி!" என்பார். அவ்வளவுதான். கீழே கடையில் அளவு கொடுத்துக்கொண்டிருப்பவர் பயந்துபோய் வயிற்றை எக்கிக்கொள்வார். அந்த வட்டாரத்தில் பாதிச் சட்டை இடுப்பில் இறுக்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படிப்பட்ட அக்கா ஒரு நாள் ஜன்னலில் இருந்து கூப்பிடாமல் படியிறங்கிக் கடைக்கே வந்தார். அதைப் பார்த்ததுமே தையல்காரர் மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டார்.

"பையன் வரச் சொல்றான்டா. அவன்கூடப் போயிடலாம்னு இருக்கேன்."

"எத்தனை நாளைக்கு?" என்றார் தையல்காரர், குண்டூசிகளின் நடுவே.

"நாள் என்ன நாள்? ஒரேயடியாத்தான். இங்க உக்காந்து என்ன பண்றேன்? ஜன்னலைத் தொறந்தா பின்னாடி குப்பைமேடு. மூடினா சுவரு. அவனுக்கு லீவு கிடைக்க இன்னும் சில மாசம் ஆகுமாம். கார் எடுத்துக்கிட்டு வர்றேன்னான்."

"ம்" என்றார் தையல்காரர்.

அக்கா கொஞ்ச நேரம் நின்றார். 'ம்'முக்குப் பின்னால் வேறு ஏதாவது வருமா என்று பார்த்திருப்பார். வரவில்லை. படியேறிப் போய்விட்டார்.

திரைக்குப் பின்னால் இருந்து தையல்காரரின் மனைவி வெளியே வந்தார். "ஏங்க, 'போகாதே அக்கா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற ஊசி குத்திடுமா?"

குத்தத்தான் செய்யும் என்பது போலத் தையல்காரர் பார்த்தார்.

"அண்ணி போயிட்டா நான் யாரோட சண்டை போடுவேன்? உங்களோட போட்டா சுவத்தோட போட்ட மாதிரி. சுவராவது எதிரொலிக்கும்."

தையல்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தக் குடும்பத்தில் அப்படிச் சொல்லும் பழக்கமே கிடையாது. அங்கே பாசம் முற்றினால் அறுந்த பட்டனைத் தைத்துக் கொடுப்பார்கள். ரொம்ப முற்றினால் திட்டுவார்கள். அதற்கு மேல் போனதில்லை.

மூன்றாம் மாடியில் அக்கா பரண்மேல் இருந்த பழைய கான்வாஸ் பெட்டியை இறக்கி, பின்பக்க ஜன்னலுக்குக் கீழே திறந்து வைத்தார். தோன்றும்போதெல்லாம் ஒரு துணியை மடித்து அதில் போட்டார்.

தையல்காரர் அன்றிரவு தூங்கவில்லை. அக்கா சொன்னதில் 'குப்பைமேடு' என்ற ஒரு சொல் மட்டும் காதில் நின்றது. மற்றதற்கெல்லாம் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. குப்பைமேட்டுக்கு ஏதாவது செய்யலாம்.

கட்டடத்துக்குப் பின்னால் இருந்த அந்த இடத்தில் முன்பு ஒரு சோடா கம்பெனி இருந்தது. முதலாளி கண்ணை மூடியதும் வாரிசுகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கட்டடம் தானாக விழுந்தது. அதன்பின் அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் எது உடைந்தாலும் நேரே அங்கேதான் போனது. மூன்று கால் நாற்காலிகள் மட்டும் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போதுமானவை கிடந்தன. அந்த இடத்தைச் சுற்றிப் போக எலிகள் தனிப்பாதை போட்டிருந்தன. அவற்றுக்கும் ஒரு கௌரவம் உண்டே.

பக்கத்துக் கடை சலூன்காரர், வாரிசுகளின் வக்கீலுக்கு முடி வெட்டுகிறவர். தையல்காரருக்காக, கத்தி கழுத்தில் இருக்கும்போது, அங்கே தோட்டம் போட அனுமதி கேட்டார். "கேஸ் முடியற வரைக்கும் என்ன வேணாலும் பண்ணிக்குங்க" என்றார் வக்கீல், அசையாமல். கேஸ் முடியும்வரை என்றால் பேரப்பிள்ளைகளுக்கு நரைக்கும்வரை என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாம் மாடியில் பஸ் ஓட்டுகிற அம்மா ஒருவர் இருந்தார். டிரைவரம்மா என்பார்கள். அவர் குரல் கொடுத்தால் பயணிகள் பின்பக்கம் நகர்வது போல, அந்தத் தெருவே குப்பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. "உள்ள போங்க, உள்ள போங்க, அந்த மெத்தையைப் பிடிங்க, படியில நிக்காதீங்க!" படி எதுவும் இல்லை. பழக்கம்.

குப்பை போனதும் மண் தெரிந்தது. மண் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதிக்குப் பாதி சோடா மூடி. சலித்துச் சலித்து எடுத்தார்கள். அப்படியும் பிறகு முதன்முதலாக விளைந்த முள்ளங்கி ஒவ்வொன்றும் தலையில் ஒரு சோடா மூடியைக் குல்லாய் போலப் போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தது. தக்காளியைக் கடித்தால் ஏப்பம் வந்தது என்று டிரைவரம்மா சத்தியம் செய்வார். அவருக்கு ஏப்பம் எதற்கும் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பாத்தி பிரிக்கும் வேலை தையல்காரருக்கு வந்தது. டேப்பும் சாக்கட்டியும் அவரிடம்தானே இருக்கின்றன? ஆனால் அவருக்கு வெட்டத் தெரிந்தது சட்டை ஒன்றுதான். அதனால் பெரிய காகிதத்தில் ஒரு சட்டையை வரைந்தார். காலரில் கீரை. இரண்டு கைகளிலும் அவரை. நடுப்பட்டியில் பட்டன் பட்டனாகத் தக்காளி. பாத்திக்குப் பாத்தி, தையலுக்கு விடுவது போல ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு இடம். பாக்கெட்டில் பூசணி. பூசணி ஊர்ந்து பரவும் என்பதால் பாக்கெட் திறந்த வெளிப்பக்கம் வரும்படி கவனமாக வரைந்திருந்தார்.

காகிதத்தைப் பார்த்துத் தரையில் சுண்ணாம்புக் கோடு போடும்போதுதான் கை ஏமாற்றியது. தையல்காரர்கள் துணியின் நல்ல பக்கத்தில் கோடு போடுவதில்லை. உள்பக்கத்தில்தான் போடுவார்கள். அவர் கைக்கு அன்று மண்ணும் துணியாகவே தோன்றியிருக்கிறது. யோசிக்காமல் காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டு அளந்துவிட்டார். இடது வலது இரண்டும் மாறிப்போயின. யாரும் கவனிக்கவில்லை. விதை ஊன்றித் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது.

மூன்றாம் மாடி ஜன்னல் திறந்தது.

"டேய் தம்பி!"

எல்லாரும் வயிற்றை எக்கினார்கள்.

"என்னடா இது, சட்டையா?"

"ஆமா" என்று தலையாட்டினார் தையல்காரர்.

"பாக்கெட் வலப்பக்கம் இருக்குடா!"

தையல்காரர் திரும்பிப் பார்த்தார். வெளிப்பக்கம் போயிருக்க வேண்டிய பூசணிப் பாத்தி, பரவ ஒரு முழம் இடமில்லாமல், கட்டடத்தின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. அக்காவின் ஜன்னலுக்கு நேர் கீழே.

"மாத்திடலாமா மாஸ்டர்? விதைதானே?" என்றார் சலூன்காரர்.

தையல்காரர் வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்தார். முக்கியமான விஷயத்துக்குத்தான் எடுப்பார். "தச்ச பாக்கெட்டைப் பிரிச்சா தடம் தெரியும். இருக்கட்டும்."

"சட்டை தைக்கச் சொன்னா இப்படித்தான் தைப்பியா? அதான் ஊர்ல எல்லாரும் மூச்சு விடாம நடக்கறாங்க!" என்று மேலே இருந்து குரல் வந்தது. தையல்காரருக்கு மனசுக்குள் குளிர்ந்தது. அக்கா திட்டி எத்தனையோ நாளாகியிருந்தது.

அதற்குப்பின் அந்த ஜன்னல் மூடவே இல்லை. தோட்டத்தில் யார் எதைத் தொட்டாலும் மேலே இருந்து விமர்சனம் வந்தது. "சலூன்காரரே, களையை வேரோட பிடுங்கணும், சைடு மட்டும் எடுக்கக் கூடாது!" "டிரைவரம்மா, தண்ணி செடிக்கு, செருப்புக்கு இல்ல!" தையல்காரரின் மனைவி ஒரு நாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "அண்ணி, இவ்வளவு தெரிஞ்சவங்க கீழ இறங்கி வந்து பண்றதுதானே?"

"எனக்கெதுக்கு? ஊருக்குப் போறவளுக்கு."

சொல்லிவிட்டு ஒரு துணியை மடித்துப் பெட்டியில் போட்டிருப்பார்.

பூசணி வளர்ந்தது. பூ பூத்தது. மஞ்சள் மஞ்சளாகக் கொட்டிக்கிடந்தது. ஆனால் ஒன்றுகூடக் காய்க்கவில்லை. பிஞ்சு பட்டாணி அளவுக்கு வரும், வெம்பி விழும். சோடா மண்ணின் கோளாறு என்றார் சலூன்காரர். பாக்கெட் மாறியதுதான் கோளாறு என்றார் டிரைவரம்மா. ஒரு காலையில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எக்ஸ்சேஞ்ச் அக்கா இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்துப் பாத்தியைப் பார்த்தார்.

"இங்க தேனீ இருக்கா?"

யாரும் அந்தப் பக்கம் தேனீயைப் பார்த்ததில்லை.

"அப்புறம் எப்படிக் காய்க்கும்? ஆண் பூ இங்க இருக்கு. பெண் பூ அங்க இருக்கு. பேச ஆசையாத்தான் இருக்கு. லைன் கிடைக்கல."

ஒரு ஆண் பூவைக் கிள்ளினார். இதழை நீக்கி, நடுவில் இருந்த மகரந்தக் காம்பைப் பெண் பூவுக்குள் பதமாக வைத்துத் தடவினார். அப்போது அவர் குரல் மாறியது. தெரு முழுக்க ஒரு காலத்தில் கேட்டிருந்த குரல். "வணக்கம், லைன்ல இருங்க... பேசுங்க."

பால்கனிகளில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். அடுத்தவர் பேசுவதைக் கேட்கக் கூடாது என்று சிலர் உள்ளே போய்க்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா, "மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கவா?" என்றார். பூ தானாகவே மூடிக்கொண்டது. பூசணிப்பூ வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும்தான். ஆனால் அந்தப் பூ பேசி முடித்துவிட்டுத்தான் மூடியது என்பதில் அங்கே இருந்த யாருக்கும் சந்தேகமில்லை.

தினமும் காலையில் அக்கா இறங்கி வந்தார். பிஞ்சுகள் நின்றன. ஆனால் மேலே போனதும் பெட்டிக்கு ஒரு துணி போய்க்கொண்டுதான் இருந்தது. தையல்காரரின் மனைவி ஊறுகாய் கொடுக்கப் போகும் சாக்கில் அளந்துவிட்டு வந்து சொன்னார்: "பாதிப் பெட்டி ரொம்பிடுச்சு. நீங்க 'ம்'முன்னுக்கிட்டு இருங்க."

தையல்காரர் அன்றைக்கு ஒரு வெள்ளை நூல்கண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பரவ இடமில்லாத பூசணிக்கொடி ஏற்கெனவே சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அதன் நுனியை ஒரு ஆணியில் கட்டினார். மறுநாள் இன்னும் கொஞ்சம் மேலே. பிறகு ஏணி. பிறகு இரண்டாம் மாடிக்குப் போய் டிரைவரம்மாவின் பால்கனியில் இருந்து கையை நீட்டிக் கட்டினார்.

"எதுக்குண்ணே இது?"

"விழாம இருக்க."

"கொடியா, அக்காவா?"

தையல்காரர் வாயில் குண்டூசியைப் போட்டுக்கொண்டார்.

அவருடைய கணக்கு எளிமையானது. கொடி அக்காவின் ஜன்னலுக்குப் போய்விட்டால், அக்கா அதை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் நிற்பார். தான் வாயைத் திறக்க வேண்டிய வேலையைக் கொடி பார்த்துக்கொள்ளும். ஆனால் இரண்டாம் மாடிக்கு மேல் அவர் கை எட்டவில்லை. கம்பில் நூலைக் கட்டி எறிந்து பார்த்தார். அது டிரைவரம்மாவின் யூனிபார்மில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த வாரத்தில் அக்கா கடைக்கு வந்தார். "நீல நூல் ஒரு கண்டு குடுடா. ஒரு பட்டன் அறுந்துபோச்சு."

"கொண்டா, நான் தச்சுத் தர்றேன்."

"ஏன், எனக்குக் கையில்லையா?" என்று வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப்பின் கொடிக்கு வேகம் வந்துவிட்டது. டிரைவரம்மா பால்கனியில் காயப்போட்ட ஒரு காலுறையைச் சுற்றிப் பிடித்து மேலே கொண்டுபோய்விட்டது. மறுநாள் அக்கா மூன்றாம் மாடியில் இருந்து அதைக் கீழே போட்டார். நன்றாகக் காய்ந்திருந்தது. டிரைவரம்மா அன்று முதல் எல்லாத் துணியையும் கொடியிலேயே மாட்டி, மாலையில் மூன்றாம் மாடிக்குப் போய் வாங்கி வர ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் கார் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். முன்னால் தகவல் இல்லை. லீவு சட்டென்று கிடைத்துவிட்டதாம். தையல்காரர் வாயில் குண்டூசியோடு அப்படியே மாடியேறினார். பின்னால் மனைவி. அவருக்குப் பின்னால் சலூன்காரர், டிரைவரம்மா.

உள்ளே மகன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாரும் பார்த்தார்கள்.

ஜன்னல் வழியாகக் கொடி உள்ளே வந்து, பெட்டியின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றி, துணிகளின் மேல் ஒரு பூசணிக்காயைப் போட்டிருந்தது. போட்டிருந்தது என்றால் குறைவு. பூசணி பெட்டி முழுவதையும் அடைத்து, நான்கு மூலைக்கும் போய், செங்கல்போல நீள்சதுரமாக உட்கார்ந்திருந்தது. பெட்டியின் கொக்கி அழுந்திய தடம்கூட அதன் விலாவில் தெளிவாகப் பதிந்திருந்தது. துணிகள் அதற்கு அடியில் இஸ்திரி போட்டதுபோல இருந்தன.

"என்னம்மா இது?"

"பூசணிக்காய்."

"அது தெரியுது. பெட்டிக்குள்ள ஏன் இருக்கு?"

"வந்து உக்காந்துக்கிச்சு. வந்து உக்காந்தவங்களை எழுந்திருன்னு சொல்ல முடியுமா?"

மகன் தலையைச் சொறிந்தான். "மாமா, இதை எப்படி வெளியே எடுக்கிறது?"

சலூன்காரர் நல்ல மனசுக்காரர். "அதை ஏன் எடுக்கணும்? என் வீட்டுல சும்மா ஒரு பெட்டி கிடக்கு, இப்பவே..." என்று ஆரம்பித்தார். தையல்காரரின் மனைவி அவர் காலை மிதித்தார். "இருக்குன்னு நெனச்சேன், அது போன வருஷமே உடைஞ்சுபோச்சு" என்று முடித்தார்.

"பெட்டி எதுக்கு? பையில போட்டுக்கலாம். காருல இடமிருக்கு. அம்மா, கிளம்பலாமா?" என்றான் மகன்.

அக்கா தம்பியைப் பார்த்தார்.

தையல்காரருடைய கண் கொடியின்மேல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கீழே இரண்டாம் மாடிவரைக்கும் கொடியை ஆணிகளில் பிடித்து நிறுத்தியிருந்தது அவருடைய வெள்ளை நூல். அதற்கு மேல், ஜன்னல் சட்டத்தில், உள்ளே ஜன்னல் கம்பியில், கடைசியில் பெட்டியின் கைப்பிடியில், எல்லாமே நீல நூல். சின்னச் சின்ன முடிச்சுகள். அவர் கடையின் நூல். அறுந்த பட்டன் எதுவும் அந்த வீட்டில் இருந்ததில்லை.

அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயில் இருந்து எடுத்துக் காலரில் குத்திக்கொண்டார். 

"போகாதே அக்கா."

சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டவர்போல நின்றார்.

அக்காவுக்குக் கண் கலங்கியது. அந்தக் குடும்பத்து வழக்கப்படி உடனே கோபம் வந்தது. "இந்த ஒரு வார்த்தையைச் சொல்றதுக்கு ஒரு தோட்டமே போடணுமாடா உனக்கு? ஊரையெல்லாம் இழுத்து, குப்பையெல்லாம் அள்ளி?"

"நீ மட்டும் என்னவாம்?" என்று நீல நூலைக் காட்டினார் தையல்காரர். அவர் எதிர்த்துப் பேசிக் கேட்டு மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என் வேலை லைன் குடுக்கறதுடா. பேச வேண்டியது நீதானே? எத்தனை மாசம் லைன்ல வெச்சிருக்கே!"

மகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஜன்னல் அருகே போய்க் கீழே சட்டையைப் பார்த்தான். காலரில் கீரை அடர்ந்திருந்தது. இரண்டு கைகளிலும் அவரை தொங்கியது. தக்காளிப் பட்டன்கள் சிவந்திருந்தன. "பாக்கெட் வலப்பக்கம் இருக்கே மாமா" என்றான்.

"ஆமா" என்றார் தையல்காரர்.

"அம்மா, நான் வேணா லீவு கிடைக்கும்போதெல்லாம் இங்க வர்றேன்."

"வா. வரும்போது பெட்டி கொண்டு வராதே. இந்த ஊர்ல பெட்டியை நம்ப முடியாது."

அன்று மாலை அவன் காரில் அம்மாவுக்கு ஒதுக்கி வைத்திருந்த இருக்கையில் அவரைக்காய்க் கூடை உட்கார்ந்து போனது. டிரைவரம்மா அதற்கு பெல்ட் போட்டுவிட்டார்.

பூசணி முற்றிக் காம்பு காய்ந்த பிறகும் பெட்டியை விட்டு வர மறுத்தது. கடைசியில் தையல்காரர் பெட்டியின் தையலை நான்கு பக்கமும் பிரித்து, பூசணியை வெளியே எடுத்து, பெட்டியை மறுபடி தைத்துக் கொடுத்தார். தெரு முழுவதும் அந்தப் பூசணியைப் பகிர்ந்து சமைத்தது. நீள்சதுரமாக இருந்ததால் பங்கு போடுவது எளிதாக இருந்தது. விதையைச் சலூன்காரர் காயவைத்து எடுத்து வைத்தார். அடுத்த விளைச்சலில் கைப்பிடியோடு ஒரு காய் வந்ததாக அவர் சொல்கிறார். அந்த அளவுக்கு யாரும் நம்ப வேண்டியதில்லை. கொக்கித் தடம் மட்டும்தான் இருந்தது.

கான்வாஸ் பெட்டி மறுபடி பரணில் ஏறிவிட்டது. காலையில் ஜன்னல் திறக்கிறது. "டேய் தம்பி!" என்று குரல் வருகிறது. இப்போதெல்லாம் தையல்காரர் குண்டூசியை எடுத்துவிட்டு, "என்னக்கா?" என்கிறார். இதற்குள் அளவு கொடுப்பவர் வயிற்றை எக்கிவிடுகிறார். அதை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.